பித்தப்பை இல்லாத விலங்கு

எங்கள் ஊர் அம்மன் கோயில் கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தில் என் கையெழுத்தில் நான்கு வரிகள் இருக்கின்றன. ‘மேற்படி பெண்குதிரை இயல்பிலேயே கடிக்கும் குணமுடையது. பழக்கித் திருத்த இயலாதது. அம்மன் ஊர்வலத்தின் முன் செல்லத் தகுதியற்றது. விற்றுவிடப் பரிந்துரைக்கிறேன்.’ அவற்றின் கீழே என் பெயர். பெயரை அடுத்து என் பட்டம். பட்டத்தை அடுத்து, கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற குறிப்பு. ஊரார் அனைவருக்கும் தெரிந்த செய்தியை அங்கே எழுதவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆயினும் எழுதினேன். வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தைப் பற்றி மீண்டும் பேச எனக்கு உற்சாகம் ஏதுமில்லை. ஒருமுறை வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். யார் காதிலும் ஏறவில்லை. எழுத்திலாவது கிடக்கட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

காரிமங்கலத்திலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் எங்கள் ஊரில் மாடு உண்டு, ஆடு உண்டு. குதிரை வளர்த்தவர் என் நினைவுக்கு எட்டியவரை எவருமில்லை. பெங்களூரில் போய்த் தொழில் செய்து தழைத்த ஒரு குடும்பத்தார், வேண்டுதல் பலித்ததற்காக வெள்ளைப் பெண்குதிரை ஒன்றைக் கோயிலுக்குக் கொண்டுவந்து விட்டுச் சென்றார்கள். அம்மன் வீதியுலா வரும்போது அது கொடி தாங்கி முன்னே நடக்கவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று கமிட்டி யோசித்தபோது ஒருவர் தாமாகவே முன்வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். அவருடைய தகப்பனார் மொரப்பூர் ரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டியவர். குதிரையின் வாடை தெரிந்த மனிதர் ஊரில் அவர் ஒருவர்தான் என்பதால் மறுபேச்சின்றி அவரையே நியமித்தோம். கோயிலுக்குப் பின்புறம் தகரம் வேய்ந்த கொட்டகை ஒன்று போடப்பட்டது.

முதலாண்டுத் திருவிழாவிலேயே ஒரு சங்கடம் நேர்ந்தது. ஊர்வலம் நாற்சந்தியில் நின்று, சுற்றூர்க்காரர்கள் எல்லாம் தேங்காயும் பழமுமாகக் கூடியிருந்த வேளையில், அம்மனுக்கு நேர் எதிரே குதிரை வாலைத் தூக்கியது. மேளம் நின்றுவிட்டது. கமிட்டிச் செயலாளர் (மாந்தோப்புக்காரர், குரல் பெரிது, மனம் அப்படியொன்றும் கெட்டதில்லை) அவமானத்தால் கறுத்துப்போனார்.

மறுநாள் கமிட்டி கூடியது. “சாமி தூக்கறவங்க முந்தின நாளே காப்பு கட்டி விரதம் இருக்கறாங்க. சாமிக்கு முன்னால போறவளுக்கு மட்டும் வயிறு முட்டத் தீனியா? அவளும் இருக்கட்டும் விரதம். உள்ள போனாத்தானே வெளிய வரும்?” என்றார் செயலாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. ஊரில் பாம்பு கடித்தாலும், மாங்காயில் புழு விழுந்தாலும், கோழிக்குக் கழிச்சல் கண்டாலும் என் பக்கம் திரும்புகிற பார்வை அது. அதை வெறுங்கையோடு அனுப்பியதாக நினைவில்லை.

“ஒரு நாள் பட்டினி எந்தப் பிராணியையும் கெடுத்துடாது. செரிமான உறுப்புகளுக்கு அது ஓய்வு” என்றேன்.

பக்தியும் விஞ்ஞானமும் என் வாயில் ஒன்றாகக் கூடியதில் எனக்குத் திருப்தி. வாசலருகே நின்றிருந்த குதிரைக்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“இல்லீங்க சார், எங்கப்பா சொல்லுவாருங்க, குதிரை வாயி சும்மா இருக்கக் கூடாதுன்னு. ரயிலு வர்ற வரைக்கும் கழுத்துல சாக்குப் பையக் கட்டிப் புல்லுப் போட்டு வெச்சிருப்பாருங்க. அது பாட்டுக்கு மென்னுக்கிட்டே நிக்கும்.”

“உங்கப்பா ஓட்டுனது வண்டிக் குதிரை. அது உழைச்சுது, தின்னுது. இது சும்மா நிக்கிற குதிரை” என்றேன்.

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்தது.

ஒருநாள் விரதம் ஒருநாளோடு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, அமாவாசை, பௌர்ணமி வந்தன, ஆடி மாதத்துச் செவ்வாய்க் கிழமைகளும் சேர்ந்துகொண்டன. புரொபசரே சொல்லியிருக்கிறார், விரதம் நல்லது என்பதே பேச்சு. குதிரைக்காரர் ஒப்புக்கொண்ட காரியத்தைக் குறைவறச் செய்பவர். விரதத்துக்கு முந்தைய மாலை ஐந்து மணிக்குத் தீனியை நிறுத்திவிடுவார். தப்பித்தவறி ஒரு துரும்பைக் கவ்விவிடக் கூடாதென்று, போரடிக்கும் மாட்டுக்குப் போடுவதுபோல் வாய்க்கூடையும் கட்டிவிடுவார். மறுநாள் பூஜை முடிந்ததும் ஊறவைத்த கொள்ளில் வெல்லம் கலந்து ஒரு வாளி நிறைய வைப்பார். விரதம் முடித்தவளுக்கு விருந்து. பெண்கள் வந்து நின்று பார்த்து, அவள் அள்ளித் தின்னும் அழகுக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இரண்டாம் ஆண்டில் அவள் கொட்டகையின் வேப்பங்கம்பத்தைக் கடிக்கத் தொடங்கினாள். மேல் பற்களைக் கட்டையில் ஊன்றிக் கழுத்தை வளைத்து, ஏப்பம் விடுவதுபோல் ஒரு சத்தம் எழுப்புவாள். சில நாட்களில் திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மூன்றாம் ஆண்டில், சேணத்து வாரை இறுக்கினால் காதுகளைப் பின்னுக்கு மடித்துப் பல்லைக் காட்டினாள். ஆணியில் மாட்டியிருக்கும் வாய்க்கூடையை யாராவது தொட்டால் போதும், சுவரோடு ஒண்டிக்கொள்வாள். ஊரார் நெற்றிச் சுழியில் தோஷம் என்றார்கள். சுழி பார்ப்பதெல்லாம் மூடநம்பிக்கை என்று கடிந்துகொண்டேன். பரம்பரைக் குணம், பிறவிக் கூறு என்றேன். இன்று யோசித்தால், சுழி என்று அவர்கள் சொன்னதற்கும் பிறவிக் கூறு என்று நான் சொன்னதற்கும் என் சொல்லின் கனத்தைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை.

நான்காம் ஆண்டு ஆடிவெள்ளியன்று, புறப்பாட்டுக்கு முன் செயலாளர் குங்குமத் தட்டோடு குதிரையின் எதிரே போய் நின்று, நெற்றியில் திலகமிடக் கையை நீட்டினார். அவள் அவருடைய மேற்கையைக் கவ்விவிட்டாள். சட்டை கிழிந்து, சதை நீலம் பாரித்தது. ஊசி போட்டுக்கொண்டு திரும்பியவர் கமிட்டியில் சொன்னார்:

“முப்பது வருசமாக் குடித்தனம் பண்றேன், என் வூட்டுக்காரிகூட ஒரு கடி கடிச்சதில்ல. நாளைக்கு ஒரு கொழந்தையக் கடிச்சுதுன்னா யாரு பதில் சொல்றது? கிருஷ்ணகிரிப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடற ஆளு ஒருத்தன் கேக்கறான். ரெண்டு அடி போட்டு வழிக்குக் கொண்டாந்துருவேங்கறான். குடுத்துரலாம். புரொபசர் சார் ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா, நேர்ந்து விட்டவங்களுக்கும் பதில் சொல்லிக்கலாம்.”

நான் எழுதிய நான்கு வரிகள் இப்படிப் பிறந்தன. அடுத்த சந்தையன்று அந்த ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. குதிரைக்காரர் என்னிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகையில் அவளுடைய பிடரியைச் சீவிக்கொண்டிருந்தார்.

சந்தைக்கு நான்கு நாள் இருக்கையில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட டாக்டரம்மா ஊருக்கு வந்தார். பணிக்குப் புதியவர். அவரைக் காபிக்கு அழைத்தேன். என் எண்ணத்தை மறைப்பதற்கில்லை: என் குறிப்புக்குக் கீழே ஒரு கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் இருந்தால் கௌரவமாக இருக்கும் என்று கருதினேன். காபி குடித்தபின் கொட்டகைக்கு அழைத்துச் சென்றேன். அன்றும் வெள்ளிக்கிழமை.

அவர் நேர் எதிரே போகாமல் பக்கவாட்டில் போய், முதலில் கழுத்தைத் தொட்டார். உதட்டை விலக்கிப் பார்த்தார். முன்னங்காலுக்குப் பின்னே, வார் இறுகும் இடத்தில், இரண்டு விரலால் அழுத்தினார். குதிரை பல்லை நறநறத்தது.

“லாஸ்ட்டா எப்பத் தீனி வெச்சீங்க?” என்று கேட்டார்.

“நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குங்க. இன்னிக்கு அம்மா விரதமுங்களே” என்றார் குதிரைக்காரர்.

“எந்த அம்மா?”

“இவங்கதாங்க” என்று குதிரையைக் காட்டினார்.

டாக்டரம்மா சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “குதிரைக்கு விரதமா? யாருங்க சொன்னது?”

குதிரைக்காரர் என் செருப்பைப் பார்த்தார்.

“ஊர் வழக்கம்” என்றேன். நான்கு வயதே ஆன ஊர் வழக்கம்.

“சார் ஜுவாலஜிதானே? உங்களுக்குத் தெரியாததில்ல. குதிரைக்குக் கால் பிளாடர் கிடையாது. பித்தம் எந்நேரமும் ஒழுகிட்டே இருக்கும். வயித்துல ஆசிட்டும் அப்படித்தான், தின்னாலும் தின்னாட்டியும் சுரக்கும். தின்னுகிட்டே இருக்கிறதுக்காகப் பொறந்த ஜீவன் சார் இது. மென்னாத்தான் உமிழ்நீர் வரும், உமிழ்நீர் வந்தாத்தான் ஆசிட் அடங்கும். இருபது மணி நேரம் வாயக் கட்டிப் போட்டு, வெறும் வயித்தோட நடக்க வெச்சா, ஆசிட் மேல தளும்பி வயிறு புண்ணாப் போயிருக்கும். அதுக்கு மேல வாரை இறுக்குனா கடிக்காம என்ன பண்ணும்? அப்புறம் நெத்திக்கு நேரா கையக் கொண்டு போகாதீங்க. அந்த எடம் அதுக்குக் கண்ணு தெரியாது. திடீர்னு என்னமோ வந்து ஒட்டுன மாதிரி இருக்கும்.”

“பட்டினி கிடந்ததுக்கு வாளி நிறையக் கொள்ளு வேற வெக்கறீங்க. வயிறு சின்னது, வாந்தி எடுக்கவும் முடியாது. இத்தனை நாள் உசுரோட இருக்கறதே பெரிசு” என்றும் சொன்னார். மருந்து எழுதிக் கொடுத்தார். நாளெல்லாம் ராகித் தாளும் உலர்புல்லும் முன்னால் கிடக்கவேண்டும், கொள்ளைக் குறைத்து வேகவைத்து, தாள் தின்றபின் கொடுக்கவேண்டும், கிடைத்தால் குதிரைமசால் தழையும் அறுத்துப் போடுங்கள் என்றார். நான்கைந்து வாரத்தில் மாற்றம் தெரியும் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். என் சான்றைப் பற்றி அவரிடம் நான் பேச்செடுக்கவில்லை.

பித்தப்பை இல்லாத பாலூட்டிகள் இரண்டைக் கூறுக. இது நான் ஏறக்குறைய எல்லாத் தேர்விலும் வைத்த வினா. எலி, குதிரை என்று எழுதுவார்கள். சரி என்று குறியிட்டுவிட்டு அடுத்த விடைக்குப் போய்விடுவேன். ஏன் இல்லை என்று எந்த மாணவனும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கண்கள் பக்கவாட்டில் அமைந்த விலங்குக்கு நேர் எதிரே பார்வை கிட்டாத இடம் உண்டு என்பதையும் படம் வரைந்து காட்டியிருக்கிறேன். கரும்பலகையில் நின்ற அந்தக் குதிரைக்குப் பசித்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஏங்க, எட்டு மணிக்கு இட்லி வரலீன்னா நீங்க யாரையும் கடிக்கறதில்லயா? உங்களுக்கு எந்த டாக்டரு வந்து சர்ட்டிபிகேட்டு குடுத்தாரு?” என்றாள்.

அன்று மாலையே செயலாளரைக் கண்டு கமிட்டியைக் கூட்டச் சொன்னேன். ஞாயிறு காலை கூடியது. என்ன சொல்வதென்று இரண்டு நாளாக மனத்துக்குள் வாக்கியம் கட்டிப் பார்த்திருந்தேன். கட்டிய வாக்கியங்கள் அனைத்திலும் ‘அண்மைக்கால ஆய்வுகளின்படி’ என்றொரு தொடர் எப்படியோ வந்து நுழைந்துகொண்டது. புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்றால், முன்பு தெரியாமலிருந்தது யாருடைய குற்றமும் ஆகாதல்லவா?

கூட்டத்தில் அந்தத் தொடரோடுதான் தொடங்கினேன். பசி, அமிலம், புண், கடி என்று ஒன்றன்பின் ஒன்றாக விளக்கினேன். குணக்கேடு இல்லை, வயிற்று வலிதான், விற்கவேண்டாம் என்றேன். கவனமாகக் கேட்டார்கள். செயலாளர் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டார்.

“அப்ப அது பசியிலதான் என்னக் கடிச்சிருக்குதுன்றீங்க. சரிங்க சார், வெள்ளிக்கு வெள்ளி அதைப் பட்டினி போட்டது யாரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

“நாந்தானுங்க. சார் திருவிழாவுக்கு ஒரு நாள்தான் சொன்னாரு. நாந்தான் புண்ணியமாச்சேன்னு எல்லா வெள்ளிக்கிழமையும் வெச்சுப்புட்டேன்.”

அதில் பாதி உண்மை. நான் சொன்னது ஒரு நாள்தான். எல்லா வெள்ளிக்கிழமையும் என் கண் முன்னால்தான் நடந்தது. ஒரு நாளும் நான் தடுக்கவில்லை. அப்போது டீ வந்தது. எல்லோரும் டம்ளரை எடுத்துக்கொண்டு அவரை ஏசினார்கள்.

“ஜட்காக்காரரு மவன்னு நம்பிக் குடுத்தா, இப்புடியாய்யா பண்ணுவ?”

“உனக்கு ஒரு வேளை சோறு போடாம வாயில கூடையக் கட்டி வுட்டாத் தெரியும்.”

“வேற ஆளு பாத்துக்கலாங்க. இவரு வூட்டுல ஒக்காரட்டும்.”

அவர் தலை குனிந்து சிரித்துக்கொண்டு நின்றார். நான்காண்டுக்கு முன் சிரித்த அதே சிரிப்பு. டீ ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். டம்ளரைக் கீழே வைத்தபோது அவரை நீக்குவதென்று ஏறத்தாழ முடிவாகிவிட்டது.

எழுந்து நின்றேன். “தப்பு அவருடையதில்லை. பட்டினி கெடுக்காதுன்னு இதே இடத்துல சொன்னவன் நான். வாய் சும்மா இருக்கக் கூடாதுன்னு அவர் அப்பவே சொன்னார். நான்தான் பேசவிடலை. குதிரைக்குப் பித்தப்பை இல்லைன்னு வாழ்நாளெல்லாம் பாடம் நடத்திட்டு இதைச் சொன்னேன்.”

செயலாளர் எழுந்து, நல்ல கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா, இதுதாங்க படிப்பு! அடுத்தவன் செஞ்ச தப்பத் தன் தலைமேல போட்டுக்கறாரு. யாருக்கு வரும் இந்தப் பெரிய மனசு?”

“இல்லை, நான் சொல்றது…”

“ஒக்காருங்க சார். நீங்க இவ்வளவு தூரம் எறங்கி வந்து பேசுனதுக்கப்புறம் நாங்க அவரை நிறுத்துவமா? அவரே பாக்கட்டும். குதிரையும் இங்கயே இருக்கட்டும்.”

தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். என் நான்கு வரிகளைக் குறுக்கே அடித்து, ‘மேற்கண்டது தவறு. தவறு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பட்டத்தை எழுதவில்லை. புத்தகம் கைமாறிக் கைமாறிச் சென்றது. வாசித்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவர் என் கையெழுத்தின் அழகைப் பாராட்டினார்.

வெளியே வந்ததும் குதிரைக்காரரிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

“நீங்க சொன்னா நம்ப மாட்டாங்கன்னு தெரியுமுங்க சார். அதான் நாஞ் சொன்னேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “பரவால்லீங்க, நாலு வருசத்துக்கு முந்தி நாஞ் சொன்னதையும்தான் ஒருத்தரும் நம்பலீங்களே” என்றார். குத்தலாகச் சொன்னாரா, வெறுமனே சொன்னாரா என்பதை அவர் முகத்திலிருந்து படிக்க எனக்குத் தெரியவில்லை.

குதிரை தேறி வந்தது. கம்பத்தைக் கடிப்பது மட்டும் முழுதாக நிற்கவில்லை. அந்தப் பழக்கம் இனிப் போகாது என்றார் டாக்டரம்மா. என் கிணற்று மேட்டில் குதிரைமசால் விதைத்திருக்கிறேன். காலையில் ஒரு கட்டு அறுத்துக்கொண்டு போய்க் கொட்டகையில் போடுகிறேன். முட்டி வலிக்கிறது. போகிற வழியில் எதிர்ப்படுகிறவர்கள், “உங்களுக்கு எதுக்குங்க சார் இந்த வேலை?” என்று மரியாதையோடு கேட்கிறார்கள். காரணத்தைச் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே கும்பிட்டுவிடுகிறார்கள். இப்போதெல்லாம் சொல்வதில்லை.

இந்த ஆண்டு ஊர்வலத்துக்கு விரதம் கிடையாது. புறப்படும்வரை அவள் வாயில் ராகித் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. செயலாளர் பக்கவாட்டில் போய், கழுத்தில் கை வைத்து நின்று, பிறகு பயந்துகொண்டே கன்னத்தில் குங்குமம் வைத்தார். அவள் தாளை மென்றுகொண்டிருந்தாள். நாற்சந்தியில், அம்மனுக்கு நேர் எதிரே, முதலாண்டு நின்ற அதே இடத்தில், வாலைத் தூக்கினாள்.

மேளம் ஓர் அடி தடுமாறிவிட்டுத் தொடர்ந்தது. குதிரைக்காரரின் இரு கைகளும் கயிற்றில் இருந்தன. சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ வீசிவிட்டுப் போயிருந்த சிமெண்டுச் சாக்கு ஓரமாகக் கிடந்தது. சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் போய்க் குனிந்து, சூடு ஆறாத சாணத்தைக் கையால் சாக்கில் தள்ளினேன். நாராக, பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. நன்றாகச் செரித்த சாணம்.

“அய்யய்யோ, சாரே எடுக்கறாருங்க!” என்றது ஒரு குரல்.

“அவரு மனசு யாருக்கு வரும்?” என்றது மற்றொன்று.

குனிந்தவன் நிமிர்வதற்குச் சற்று நேரமாயிற்று. அதற்குள் குதிரை அடுத்த தெருவுக்குள் திரும்பியிருந்தது.